சலாமுக்குப் பதில் சொல்லாத கிழமை

ஒக்டோபர் 14, செவ்வாய்

பின்னேரம் நல்ல மழை. ஆஸ்பத்திரியிலிருந்து மடவளை வீட்டுக்கு வந்தாயிற்று. கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வாய் வழியாகவே குழாயை விட்டு, தொண்டைப் புற்றை லேசரால் சுட்டு எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த சொந்தங்களுக்குத்தான் ஏமாற்றம். பெரிய கட்டாக எதிர்பார்த்திருப்பார்கள்.

யாழ்ப்பாணத்து டொக்டர், கண்டிப்பான மனுஷன். "ஒரு கிழமைக்குக் கதைக்கவே கூடாது. குசுகுசுக்கிறது இன்னும் கெடுதி. விளங்குதோ?" விளங்குது என்று சொல்லப்போய் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வெட்டிய துண்டு சோதனைக்குப் போயிருக்கிறது. புற்று மிச்சமிருக்கிறதா என்பது அடுத்த செவ்வாய் தெரியும். குரல்? "வரும். எப்பிடி வருமெண்டு இப்பச் சொல்லேலாது."

வத்தேகமயில் புடைவைக் கடை. கூவிக் கூவியே விற்றவன் நான். பயமாக இருக்கிறது. என் மனைவி ஸுலைஹாவிடம் இதைக் காட்டமாட்டேன்.

16, வியாழன்

கஞ்சி. ஆறின தேத்தண்ணி. பீடி இல்லை, இனி எப்போதும்.

வீட்டில் இருக்க முடியாமல் ஸுலைஹாவோடு கடைக்குப் போனேன். வழியில் செக்பொயின்ட், எல்லாரும் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும். ஆமிக்காரன் பெயர் கேட்டான். அடையாள அட்டையை நீட்டிவிட்டுச் சும்மா நின்றேன். முறைத்தான். ஸுலைஹா சிங்களத்தில் படபடவென்று விளக்கினாள். நான் வாயைப் பிளந்து காட்ட, அவன் உண்மையாகவே டோர்ச் அடித்து உள்ளே பார்த்தான்! பிறகு "ஹரி, யன்ன" என்று போகவிட்டான். என்ன கண்டானோ.

கடையில் நான் பொம்மை. வியாபாரம் ஸுலைஹா. என்னைவிட நன்றாகவே விற்கிறாள். கொஞ்சம் எரிச்சல்.

17, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். பள்ளிவாசலில் ஊர்ப் பெரியவர் ஹாஜியார் சலாம் சொன்னார். நெஞ்சில் கையை வைத்துத் தலையாட்டினேன். அவருக்கு ஒபரேஷன் விஷயம் தெரியாது. "சலாத்துக்குப் பதில் செல்ல ஏலாத அளவுக்குப் பெரிய மனுஷனாகிட்டாரோ?" வாசலில் எல்லார் காதிலும் விழுந்தது. பதில் சொல்வது கடமை என்று எனக்குத் தெரியாதா? அழுகை வந்துவிட்டது.

19, ஞாயிறு

விஷயம் தெரிந்து ஹாஜியார் வட்டிலப்பத்தோடு வந்தார். சலாம் சொன்னார், என் பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். "ஒங்களுக்கும் சேத்து நானே செல்லிட்டேன், மன்னிச்சிக்கோங்க." சத்தமில்லாமல் சிரித்தேன். கருப்பட்டி இனித்த வட்டிலப்பம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இரண்டு கிண்ணம்.

21, செவ்வாய்

வெயில். குழாய் விட்டுப் பார்த்தார் டொக்டர். "சோதனை முடிவு நல்லது. புற்று மிச்சமில்லை. இனி மெதுவாக் கதைக்கலாம். எங்க, ஒரு சொல் சொல்லுங்கோ."

வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. வலி இல்லை, பயம். ஒன்றும் வராமல் போனால்? "அவசரமில்லை, வீட்டிலை சொல்லுங்கோ," என்றார்.

பஸ்ஸிலும் பேசவில்லை. ஸுலைஹாவும் கேட்கவில்லை. வீட்டுக் கதவைத் திறந்து முதலில் உள்ளே போனவள், திரும்பி என் முகத்துக்கு நேரே நின்றாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

அசையாமல் நின்றாள். எனக்காக அவள் பதில் சொல்லவில்லை.

"வஅலைக்கும் ஸலாம்."

தகரத்தைச் சீமெந்தில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். ஆனால் என்னுடையதுதான். ஸுலைஹா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இன்னொருக்கா செல்லுங்க," என்றாள்.