இலஞ்சிக்காரர் நீட்டிய தட்டு

ஆடி 5, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். துவைத்த துணி மூன்றாம் நாளாக ஈரம். மருமகள் செல்வி அடுக்களையில் கயிறு கட்டிக் காயப்போட்டிருக்கிறாள். சாம்பார் வாசனையோடுதான் சேலை கட்ட வேண்டும்.

பத்து மணிக்கு சினிமா ஏஜென்ட் ஒருவர் வந்தார். சுந்தரபாண்டியபுரத்தில் சூட்டிங். சூரியகாந்தி பூத்துவிட்டதல்லவா, வந்துவிட்டார்கள். ஒரு நிச்சயதார்த்தக் காட்சி. பெண்ணுக்கு ஆச்சியாக நிற்க உள்ளூர் முகம் வேண்டுமாம்.

"நீங்க நின்னாலே வீடு நிறைஞ்சிரும் ஆச்சி."

எழுபத்திரண்டு வயதில் இந்தப் பேச்சுக்கெல்லாம் மயங்குவேனா. முடியாது என்றேன். ஆடியில் எவன் நிச்சயம் பண்ணுவான் என்றும் கேட்டேன். சினிமாவுக்கு ஆடி, ஆவணி எல்லாம் ஒன்றுதானாம்.

போகிற போக்கில் செல்வியிடம் சொல்கிறார்: "மாப்பிள்ளைக்குத் தாத்தா கிடைச்சாச்சுக்கா. இலஞ்சி சுப்பையாத் தாத்தா. அவுக தங்கச்சி நாச்சியாராச்சியும் கூட்டத்துல உக்காருதாவ."

வாசல் தாண்டியவரைக் கூப்பிட்டேன். வருகிறேன் என்றேன்.

செல்வி: "இப்பதான முடியாதுன்னிய?"

"இப்ப முடியுங்கேன்."

பிரஷர் மாத்திரை வாங்க மறந்தாயிற்று.

ஆடி 6, செவ்வாய்

மழை இல்லை, வெயிலும் இல்லை. அம்மன் கோவிலுக்குப் போகவில்லை. மனதில் இதை வைத்துக்கொண்டு போய் நிற்க முடியாது.

இதை நான் எழுதியதே இல்லை. அஞ்சாம் வகுப்புப் படிப்பு இதற்காவது உதவட்டும்.

எனக்குப் பதினெட்டு வயதில் இலஞ்சி சுப்பையாவுக்கு நிச்சயம் பண்ணினார்கள். தட்டு மாற்றியாயிற்று. வைகாசியில் கல்யாணம். நடுவில் ஒருநாள் தேரடியில் வைத்து அவராகவே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மேட்னிக்கு வா. நான் வெளிய நிப்பேன்." போனேன். அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். இடைவேளையில் ஒரு கலர் சோடா வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, கடலை வாங்கி வருகிறேன் என்று போனார். அந்த நேரம் பார்த்து அவர் தங்கை நாச்சியார் வந்தாள். கலர் பாட்டிலோடு நான் தனியாக நிற்கிறேன்.

அன்றைக்கே அவர்கள் வீட்டில் பேச்சு. நிச்சயமான பெண் தனியாக சினிமாவுக்குப் போகிறாள், எவனைப் பார்க்கப் போனாளோ என்று. அவரும் அந்த வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். நான்தான் வரச் சொன்னேன் என்று நாலு வார்த்தை. சொல்லவில்லை.

தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்க அப்பா இலஞ்சிக்குப் போனார். பொழுது சாய்கிற வரை கேட்டுக்கு வெளியே நிறுத்திவைத்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. திரும்பி வந்து அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் கைகால் கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஊரில் எனக்கு மேட்னிக்காரி என்று பேர். இரண்டு வருஷம் ஒருத்தரும் பெண் கேட்டு வரவில்லை. அப்புறம் இவர் கட்டினார். கடைசிவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. புண்ணியவான், போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஐம்பத்து நான்கு வருஷம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். சுப்பையா வாயால், நாலு பேர் முன்னால், "நான்தான் கூப்பிட்டேன்" என்று வர வேண்டும். அவள் காதிலும் விழ வேண்டும்.

ஆடி 7, புதன்

எடுத்துப்போனது: கண்ணாடி, மாத்திரை, தைலம், இரண்டு ஊக்கு, முறுக்கு (அங்கே என்ன போடுவார்களோ).

ஐந்தருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடையாம். சூட்டிங் ஆட்கள் காலையில் போய்விட்டுக் காய்ந்த தலையோடு திரும்பி வந்திருந்தார்கள். எல்லாருக்கும் மூஞ்சி தொங்கல்.

பெரிய முற்றம் வைத்த வீடு. வாசலில் வாழைமரம், உள்ளே நூறு பேர். எனக்கு மாம்பழ நிறப் பட்டு. உண்மைப் பட்டு இல்லை, கையை வைத்ததும் தெரிந்துவிட்டது.

டைரக்டர் சின்ன வயது, மெட்ராஸ்காரன். பாட்டி என்றான். ஆச்சி என்று சொல்லச் சொன்னேன். கதை கேட்டேன். மாப்பிள்ளைக்கு வேறொரு பெண் மேல் காதல். வீட்டில் சொல்லப் பயம். இந்தப் பெண்ணோடு நிச்சயம் ஆகிறது. அப்புறம் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓடிப்போகிறான். மழை, சண்டை, பாட்டு. கடைசியில் அந்தக் காதலியோடு கல்யாணம்.

"நிச்சயம் பண்ணுன பிள்ள என்னாவா?"

"அவங்களே வந்து சேர்த்துவெச்சு ஆசீர்வாதம் பண்ணுவாங்க ஆச்சி. பெரிய மனசு."

"அதுக்குப் பொறவு?"

"அவங்க டிராக் அதோட முடியுது."

முடிகிறதாம். வாய் திறக்காத கோழைக்குப் பாட்டு, மாலை, மழை எல்லாம் உண்டு. தட்டு திரும்பி வந்தவளுக்குப் பெரிய மனசு மட்டும். எத்தனை படம் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றிலும் இதே. அவள் சிரித்துக்கொண்டே கதவுப் பக்கம் போய்விடுவாள். வீட்டுக்குப் போய் என்ன செய்தாள், யார் என்ன பேர் வைத்தார்கள் என்று ஒருத்தனும் எடுப்பதில்லை.

சுப்பையா வந்தார். வெள்ளை வேட்டி, ஜரிகைத் துண்டு. முடி முழுக்கப் போயிற்று. என்னைப் பார்த்ததும் தலை கவிழ்ந்தது. "சௌக்கியமா" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். தரை பதில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். நாச்சியார் பெண்கள் கூட்டத்தில் முன்வரிசை. வாய் நிறைய வெற்றிலை. பார்க்காத மாதிரி பார்த்தாள்.

சத்தம் பதிகிறவள் ஜெனிபர் என்று ஒரு பெண், நாகர்கோவில்காரி, முப்பத்தைந்து இருக்கும். காதில் பெரிய கிண்ணம் மாதிரி மாட்டியிருக்கிறாள். ரவிக்கை ஓரத்தில் ஒரு மைக் குத்தினாள், மொச்சைக்கொட்டை அளவு. சுப்பையாவுக்கும் ஒன்று. அரை மணி கழித்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஆச்சி, மருமவளப் பத்தி நீங்க சொன்னது பூரா எனக்குக் கேட்டுது."

"எது, அந்த ரசமா?"

"ரசமும்தான். அதுக்கு முன்னால சொன்னதும்தான்."

அவ்வளவு தூரம் கேட்குமா என்றேன். மூச்சு விட்டாலே கேட்குமாம். பாட்டுக்கு வைத்திருக்கிற பெரிய ஸ்பீக்கரில் போட்டால் தெருவுக்கே கேட்குமாம்.

இன்றைக்கு எங்கள் காட்சி வரவில்லை. நாளைக்கு.

ஆடி 8, வியாழன்

கறியும் இல்லை, காயும் இல்லை, வெறும் சாம்பார் சாதம் மதியத்துக்கு. வடை மட்டும் பரவாயில்லை.

காட்சி இதுதான். சுப்பையா தட்டை நீட்ட வேண்டும், நான் சிரித்துக்கொண்டே வாங்க வேண்டும். பித்தளைத் தட்டு. தேங்காய், பழம், பூ, சேலை. நல்ல கனம்.

முதல் தடவை கண்ணாடி நழுவிவிட்டது என்றேன். இரண்டாம் தடவை இருமல். மூன்றாம் தடவை பழம் ஒற்றையாக இருக்கிறது என்றேன். எண்ணிப் பார்த்தார்கள், ஒற்றைதான். ஒன்று கூட்டி வைத்தார்கள். நான்காம் தடவை தேங்காய் ஆடுகிறது. ஐந்தாம் தடவை காரணமே சொல்லவில்லை. அவர் நீட்டினார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டின் கனத்தில் அவர் கை நடுங்கியது. பூசிவிட்ட பவுடர் வழியாக வியர்வை கோடு கோடாக இறங்கியது. அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு டிவி பெட்டிப் பக்கம் போனான். எங்களை அப்படியே நிற்கச் சொன்னான். லைட்டு மாற்றுகிறார்களாம். அப்போதுதான் சுப்பையா மெதுவாக வாய் திறந்தார்.

"வாங்கிரு கோமதி. கை கடுக்குது."

"கடுக்கட்டும்."

"இன்னமுமா மனசுல வச்சிருக்க?"

"எதை வச்சிருக்கேன்? சொல்லும், கேப்போம்."

தட்டைக் கை மாற்றிப் பிடித்தார்.

"படத்துக்கு வரச் சொன்னது நான்தான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். நாச்சியா ஆடுன ஆட்டத்துல, அப்பா முன்னால வச்சு, வாய் வரல."

"இப்ப வருதுல்லா. அந்தா இருக்கா உம்ம தங்கச்சி. சத்தமா சொல்லும்."

"பேரப்பிள்ளைய எல்லாம் இருக்குவ. விட்ரு."

விட்டுவிட வேண்டுமாம். பேரப்பிள்ளைகள் முன்னால் அவர் மானம் அவருக்கு. எனக்கு மட்டும் பதினெட்டு வயதில் மானம் வேண்டாமாக்கும்.

நேரே ஜெனிபரிடம் போனேன். காதில் இருந்ததைக் கழற்றி என்னையே பார்த்தாள். முழுக்கக் கேட்டுவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"இப்பப் பேசுனது இருக்கா?"

"இருக்கு ஆச்சி."

"அந்தப் பெரிய ஸ்பீக்கர்ல போடு."

"வேணுமா?"

"வேணும்."

கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் ஏதோ வயரை மாற்றினாள். முற்றம் முழுக்க அவர் குரல். "படத்துக்கு வரச் சொன்னது நான்தான்." வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

டைரக்டர்: "யார் போட்டது?"

ஜெனிபர்: "தப்பா அமுங்கிட்டு சார்."

நாச்சியார் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். எழுந்தே விட்டாள்.

"ஏண்ணே, நீயா? ஊரு பூராவும் போய் என்னைய நாறப் பேச வச்சிட்டு, சோத்த தின்னுக்கிட்டு உக்காந்திருந்தியே?"

பின்னாலிருந்து ஒரு கிழவி, மேலகரத்துக்காரி: "அப்பம் இவதான் மேட்னிக்காரியாட்டி?"

"நான்தான். கூப்பிட்டவரு அந்தா நிக்காரு, நல்லா பாத்துக்கிடுங்க" என்றேன்.

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. நாளைக்கு மிச்சம்.

வேனில் இரண்டு வடை தின்றேன். படபடப்பு இல்லை. மாத்திரை போட்டதாலும் இருக்கலாம்.

ஆனால் ஒரு குறை. ஊருக்குச் சொன்னது அவர் இல்லை, பெட்டி. அவர் என்னிடம்தான் சொன்னார், அதுவும் கை வலித்ததால். நாளைக்கு அவரே சொல்லாமல் தட்டைத் தொடுவதில்லை. பத்து தடவை எடுக்கட்டும். இருபது எடுக்கட்டும்.

ஆடி 9, வெள்ளி

நல்ல வெயில். துணி காய்ந்தது.

சுப்பையா வரவில்லை. காய்ச்சலாம்.

நாச்சியார் வந்திருந்தாள். நேராக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. குப்புறப் படுத்துக் கெடக்கான். நான் அவன்கூடப் பேசல" என்றாள். என் பக்கம் திரும்பி, "எனக்குத் தெரியாது கோமதி. தெரிஞ்சிருந்தா பேசியிருக்க மாட்டேன்" என்றாள்.

"தெரியாமத்தான் அவ்வளவு பேசுனியா?"

அழுதாள். முறுக்கு இருந்தது, கொடுத்தேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இவளைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

டைரக்டர் வேறு ஆளைப் பிடித்துவிட்டான். புளியறையில் டீக்கடை வைத்திருக்கிறவராம். அதே ஜரிகைத் துண்டு, அதே வேட்டி, தலையை வழித்து மொட்டையாக்கியிருந்தார்கள். காமிராவுக்கு முதுகு காட்டி நின்று தட்டை நீட்டினால் போதுமாம். பாவம், நல்ல மனிதர், "சிரமம் ஒண்ணும் இல்லையே ஆச்சி" என்று கேட்டார்.

"அவரு முகம் வராதா?" என்றேன்.

"சுப்பையாத் தாத்தா முகம் நேத்தே இருக்கு ஆச்சி. அவர் கை நடுங்கறது சூப்பரா வந்திருக்கு. அதையும் இன்னைக்கு நீங்க சிரிச்சிட்டு வாங்கறதையும் ஒட்டிருவோம்."

"ஒட்டுனா?"

"நீங்க அவர்கிட்ட வாங்கின மாதிரியே இருக்கும். யாருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியுமே. அவருக்கும் தெரியும். ஏதாவது ஒரு தியேட்டரில், ஏதாவது ஒரு மேட்னியில், அவர் வாய் திறக்காமலே நான் சிரித்துக்கொண்டு வாங்குவேன். ஊர் அதைப் பார்த்து, கிழவி மனசு இளகிவிட்டது என்று சொல்லும்.

வாங்கமாட்டேன் என்றேன்.

"இது நடிப்புதானே ஆச்சி?"

"அவரு வந்து சொல்லாம நடிக்கவும் மாட்டேன்."

கெஞ்சினான். ஏஜென்ட் கெஞ்சினார். டீக்கடைக்காரர் தட்டோடு நின்றார். அவருக்குக் கை வலிக்கும் என்று நானே வாங்கித் தரையில் வைத்தேன், காமிரா ஓடாதபோது. பெண்ணின் அம்மாவாக நடிக்கிறவளை வாங்கச் சொல், அவர் தட்டு நீட்டுகிற வரை என்னைக் காட்டு, அதற்குப் பிறகு காட்டாதே என்றேன். கடைசியில் அப்படித்தான் எடுத்தார்கள்.

மைக்கைக் கழற்றி ஜெனிபரிடம் கொடுத்தேன். சேலையை மடித்துக் கொடுத்தேன். வேன் வர நேரமாகும் என்றார்கள். பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.