போட்ட தீனி, தின்ற தீனி

ஜூன் 3
குட்டிப் பயல் சுண்டு இன்றும் பால் புட்டியைத் துப்பிவிட்டான். புரையேறிவிடுமோ என்ற பயத்தில், நான் இல்லாமல் புட்டி கொடுக்காதே என்று நாத்தனாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மத்தியானம் ஆய்வகத்திலிருந்து ஓடி வந்து, அவள் மடியில் கிடந்தவன் முகத்துக்கு நேரே குனிந்து கெஞ்சினேன். உதட்டை இறுக்கிக்கொண்டான்.

"பரீட்சை ஹால்ல சூப்பர்வைசர் நிக்கிற மாதிரி நிக்கிறீங்க அண்ணி," என்றாள் அவள். சிரிப்பு வரவில்லை. கடைசியில் நானே எடுத்துத் தாய்ப்பால் கொடுத்தேன். அடுத்த மாதம் முதல் பகல் முழுக்க ஆய்வகத்தில் இருந்தாக வேண்டும். அதற்குள் இவன் பழகாவிட்டால் ஆய்வை விட்டுவிட வேண்டியதுதான்.

ஜூன் 5
ஆய்வகத்தில் இரண்டு மீன் தொட்டிகள். ஒன்றுக்குத் தீனி, மற்றது பட்டினி. தீனி தின்ற மீனில் இன்சுலின் சுரக்கும். அது 'சாப்பாடு வந்தாச்சு, நீ சர்க்கரை செய்ய வேண்டாம்' என்று ஈரலில் அதற்கான மரபணுவை அடைக்கும். பட்டினி மீனில் அது திறந்தே கிடக்கும். இதைக் காட்டிவிட்டால் என் முதல் அத்தியாயம் முடிந்த மாதிரி.

தீனி போட்டுவிட்டு அங்கேயே குனிந்து நின்றேன். எதுவும் தப்பாகிவிடக் கூடாதே. மீன்கள் அடியில் சாதுவாக இருந்தன. தீனியும் கொஞ்ச நேரத்தில் காணாமல் போயிற்று. பிறகு இரண்டு தொட்டி மீன்களிலும் ஈரல் எடுத்தேன்; குடல்களையும் தனியே எடுத்துவைத்தேன்.

ஜூன் 6
கப்பலிலிருந்து இவர் பேசினார். "சாப்பிட்டியா?" "ம்." அதற்குள் கட்டாகிவிட்டது. சாப்பிடவில்லை.

ஜூன் 11
முடிவு வந்தது. இரண்டு தொட்டியும் ஒன்றுபோல! தீனி போட்ட மீனின் ஈரலும் பட்டினி கிடந்தது போலவே சர்க்கரை செய்துகொண்டிருக்கிறது. எங்கே தப்பு — மருந்திலா, மெஷினிலா? எனக்குத்தான் எதையும் உருப்படியா செய்யத் தெரியல. வீட்லயும் இதே கதைதானே. யார்கிட்ட சொல்ல?

ஜூன் 12
பேராசிரியை திட்டவில்லை. எடுத்துவைத்திருந்த குடல்களைக் கொண்டுவரச் சொன்னார். வெட்டிப் பார்த்தோம். காலி. தொட்டியின் வடிகட்டியைத் திறந்தால், தீனியெல்லாம் அதற்குள் ஊறிப்போய்க் கிடந்தது.

"போட்டேன்னு சொல்ற. தின்னுச்சா?"

பக்கத்திலேயேதான் நின்றேன் மேடம் என்றேன்.

"அதாம்மா விஷயம். தலைக்கு மேல நிழல் விழுந்தா அதுக்கு நீ கொக்கு. பயந்த மீன் வாயத் திறக்காது. பயத்துல சுரக்கிறதும் ஈரலச் சர்க்கரை செய்யத்தான் சொல்லும். போட்டுட்டு நகந்துடு."

பஸ்ஸில் வரும்போது அந்த உதடுகள் ஞாபகம் வந்தன. இறுக்கி மூடிய சின்ன உதடுகள்.

ஜூன் 13
இன்னிக்கு நான் வரல, நீயே கொடு என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் கால் நிற்கவில்லை. மத்தியானம் வந்து எங்கள் வீட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டேன், திருடி மாதிரி. உள்ளே அழுகை. எழுந்தேன். உட்கார்ந்தேன். அப்புறம் சத்தமே இல்லை. ஐயோ, புரையேறிடுச்சா?

"மெதுவாடா. உங்கப்பன் மாதிரி அவசரம்," என்றாள் அவள், உள்ளே.

குடிக்கிறான். எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. கதவைத் தட்டவில்லை.

ஜூன் 27
இந்த முறை, போன வாரம், புது மீன்களுக்குத் தீனி போட்டுவிட்டு அறைக்கு வெளியே போய்விட்டேன். குடல்கள் நிறைந்திருந்தன. இன்று முடிவு வந்தது. தின்ற மீனில் மரபணு அடைபட்டிருக்கிறது. பட்டினி மீனில் திறந்திருக்கிறது. "இப்ப எழுத உட்காரு," என்றார் பேராசிரியை.

மத்தியானம் வீட்டுக்கு ஓட வேண்டிய வேலை இல்லை. எல்லோரும் போன பிறகு தொட்டிகளுக்குப் பக்கத்தில் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். யாரும் பார்க்கவில்லை. முழுசாகச் சாப்பிட்டேன்.