சம்பந்தி வாசிக்கும் டிரம்ஸ்

மார்ச் 7, சனி

இன்றும் பயிற்சிக்குச் சம்பந்தி தாமதம். தன் வீட்டுக் கார் ஷெட்டுக்கே தாமதமாக வர அவரால்தான் முடியும். பாடுகிற நர்ஸம்மா, கிதார் வாசிக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், கீபோர்டைத் தோளில் மாட்டிய நான் – மூன்று பேரும் ஷட்டருக்கு வெளியே நின்றோம். வீட்டுக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துச் செருப்புச் சத்தம். ஷட்டர் பாதி ஏறி நின்றது. மீதியை நாங்களே தூக்கினோம்.

குச்சியோடு குச்சியை நாலு தட்டு தட்டிப் பாட்டைத் தொடங்கி வைப்பார். அது ஒன்றுதான் ஒழுங்காக நடக்கும். முதல் பாட்டில் இரண்டு கொட்டாவி. அடுத்த பாட்டில் டிரம்ஸ் நின்றே போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் குச்சியால் முதுகு சொறிந்துகொண்டிருக்கிறார். "நீங்க போய்க்கிட்டே இருங்க, நான் வந்து சேர்ந்துக்கிறேன்" என்றார், பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி.

அடுத்த மாதம் மருத்துவமனை அரங்கில் நிகழ்ச்சி. நோயாளிகளும் குடும்பத்தாரும் கேட்க வருவார்கள். எங்களுக்கு முதல் மேடை. நர்ஸம்மா அலைந்து வாங்கியது. திரும்பும் வழியில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "டீச்சர், நான் ஆயுசு பூரா வேலை பார்த்த இடம். அங்க வந்து இவர் முதுகு சொறிஞ்சா நான் எங்க போய் முகத்தை வச்சுக்கிறது?"

கடைக்காரர் சொன்னார்: "மூணு பேரே போதும். தாளத்தை நான் கிதார்லயே தட்டிக்கிறேன்."

இவர்களுக்கென்ன, சொல்லிவிடலாம். இவர்களுக்கு அவர் டிரம்ஸ்காரர். எனக்கு மாப்பிள்ளையின் அப்பா. ஷெட் மட்டுமா அவருடையது? என் மகள் வாழ்கிற வீடும் அவருடையதுதானே.

மார்ச் 8, ஞாயிறு

மகளிடம் ஃபோனில் மெதுவாக ஆரம்பித்தேன். அவள் குரல் உடனே தணிந்தது.

"அம்மா, வேண்டாம்மா. இப்பதான் இந்த வீட்டுல எல்லாம் சுமுகமா போகுது. மாமாவைக் குழுவை விட்டு எடுத்துட்டு நீ உன் வீட்டுக்குப் போயிடுவ. ராத்திரி அவருக்கு எதிர்ல உட்கார்ந்து சாப்பிடுறது நான்."

எங்கோ கதவு திறக்கும் சத்தம். "யாரோ வர்றாங்க" என்று வைத்துவிட்டாள்.

கல்யாணமான முதல் வருஷம் அவள் அழாத வாரம் கிடையாது. அதை மறந்துவிட்டுப் பாட்டு, மேடை என்று அலைகிறேனா?

மார்ச் 10, செவ்வாய்

நர்ஸம்மா: "அவர் இருந்தா நான் வரலை டீச்சர். யோசிச்சுச் சொல்லுங்க." யோசிக்கிறேன். வேறென்ன செய்கிறேன்?

மார்ச் 12, வியாழன்

வழி கிடைத்துவிட்டது! நான் பாடம் எடுத்த எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கடைசி பெஞ்சு, புத்தகம் கொண்டு வரமாட்டான், பாதி நேரம் தூக்கம். திட்டிப் பார்த்தேன், பலனில்லை. ஒரு நாள் அவனையே வகுப்புத் தலைவன் ஆக்கினேன். மறு வாரம் கேட் திறக்கும் முன்னால் வந்து நின்றான். பொறுப்பு வந்தால் முதுகு தானாக நிமிரும். தராசில் ஒரு பக்கம் பாரத்தை ஏற்றினால் மறு பக்கம் எழும்புவது மாதிரி.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரைத் தாழ்த்தாமலே சிரித்தார். "அவனுக்கு வயசு பதிமூணு. இவருக்கு அறுபத்துமூணு. இது வேற சிலபஸ், டீச்சர்."

மார்ச் 14, சனி

சம்பந்தியை லீடர் ஆக்கிவிட்டேன்.

"நானா?"

"நீங்கதான் அண்ணா. இடம் உங்களோடது, வயசுல மூத்தவர் நீங்க. எப்போ பயிற்சி, என்ன பாட்டு, யார் என்ன வாசிக்கணும் – எல்லாம் இனிமே நீங்க சொல்றதுதான்."

"எல்லாமா?"

"எல்லாம்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குள் ஒரு சின்னப் பெருமை. நர்ஸம்மா மட்டும், ஊசி மாற்றிப் போட்டவரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

மார்ச் 20, வெள்ளி

எங்கள் நால்வரின் கைப்பேசிக் குழுவில் ஒரு செய்தி: "நாளை பயிற்சி இல்லை. ஓய்வும் அவசியம். இப்படிக்கு, லீடர்."

மார்ச் 21, சனி

சாப்பாட்டு மேஜையில் கீபோர்டை வைத்துத் தனியாக வாசித்தேன். "வகுப்புத் தலைவர் ஸ்கூலுக்கே லீவு விட்டுட்டாராமே?" என்றார் வீட்டுக்காரர்.

முன்பாவது ஒரு உறுப்பினரை நீக்குவது பற்றிய பேச்சு. இப்போது ஆளைக் குறைக்க வேண்டும் என்றால் அவரிடமே அனுமதி கேட்க வேண்டும். நானே கட்டிய வேலி. வாசல் வைக்க மறந்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் ரகசியமாகக் கூடினோம், மூன்று பேர் மட்டும். மதிய இடைவேளை, கதவில் 'மூடப்பட்டுள்ளது' பலகை. என்ன வேடிக்கை – யாரும் தொடங்கவில்லை! அந்த நாலு தட்டுக்காக மூவரும் காத்து நிற்கிறோம். பிறகு சிரித்துவிட்டு ஆரம்பித்தோம்.

எவ்வளவு நன்றாக இருந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. நர்ஸம்மா மூச்சு வாங்கும் இடம்கூடக் கேட்டது. சுற்றிலும் நிலைக்கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் திருட்டு முழியோடு நான்.

நடுவில் ஃபோன். சம்பந்தி!

"எங்க இருக்கீங்க சம்பந்தியம்மா? வீட்டுல இல்லைன்னாங்க."

"கண்ணாடிக் கடையில... கண்ணு பார்க்கலாம்னு வந்தேன் அண்ணா."

"என்னாச்சு? மங்கலா தெரியுதா?"

"லேசா."

மென்று முழுங்கினேன். கூப்பிட்ட விஷயத்தை அவரும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

இரவு மகள்: "கண்ணுல என்னம்மா? எனக்கு ஏன் சொல்லலை? மாமா வந்து சொன்னதுலேருந்து வீடே கவலையா இருக்கு. கடை டெஸ்ட் எல்லாம் சரிப்படாது, நான் கூட இருந்து ஒழுங்கா பார்க்கச் சொல்றேன்னு நிக்கிறார். நாளைக்குக் காரோட வருவார்."

ஐயோ.

மார்ச் 25, புதன்

சொன்ன நேரத்துக்கு முன்பே வாசலில் கார். எந்தப் பயிற்சிக்கும் இப்படி வந்ததில்லை இந்த மனுஷர்! எனக்காக முன் இருக்கையைத் துடைத்து வைத்திருந்தார்.

கடைக்காரர் எங்களைக் கண்டதும் வெலவெலத்துப் போனார். நேற்று பார்க்காத கண்ணை இன்று "மறுபடி" பார்த்தார். எழுத்துப் பலகையில் கடைசி இரண்டு வரி உண்மையிலேயே தெரியவில்லை. புதுக் கண்ணாடி போட வேண்டுமாம். பொய்க்குக் கை மேல் பலன்.

தலையைத் திருப்பினால், சம்பந்தி மூலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் கீபோர்டு. நேற்று தூக்க அலுத்து அங்கேயே வைத்துவிட்டு வந்தது. பக்கத்தில் நர்ஸம்மாவின் பாட்டுத் தாள்கள்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் இறக்கிவிட்டு, "படி இருக்கு, பார்த்துப் போங்க" என்றார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

மகளிடமிருந்து ஃபோன் இல்லை. நானாகக் கூப்பிடப் பயம்.

மார்ச் 27, வெள்ளி

"நாளை பயிற்சி. எல்லோரும் கட்டாயம் வரவும். முக்கிய முடிவு. இப்படிக்கு, லீடர்."

மார்ச் 28, சனி

நாங்கள் போகும்போது ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார். அவர் டிரம்ஸுக்குப் பின்னால் உட்காராமல் முன்னால் நின்றார்.

"லீடர்ங்கிற முறையில சொல்றேன். நம்ம குழு கொஞ்சம் பெருசா இருக்கு. ஒருத்தரைக் குறைக்கணும்."

என்னைத்தான், என்று நினைத்தேன். நியாயம்தானே. கண்ணுக்குள் வந்தது என் மகள் சாப்பிட உட்காரும் மேஜை.

"டிரம்ஸ் வேண்டாம். மூணு பேர் போதும்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தியம்மா. இந்த டிரம்ஸ் உங்க மாப்பிள்ளை காலேஜ் படிக்கிறப்ப வாங்கினது. ஒரு மாசம் தட்டிட்டு விட்டுட்டான். சம்பந்தம் பேச வந்த அன்னிக்கு நீங்க இதைப் பார்த்துட்டு, 'அடடா, நீங்க டிரம்ஸ் வாசிப்பீங்களா'ன்னு கேட்டீங்க. பொண்ணோட அம்மா, முகமெல்லாம் சிரிப்பா கேட்கிறாங்க, இல்லைன்னு எப்படிச் சொல்றது? 'ஏதோ கொஞ்சம்'னேன். கல்யாணம் முடிஞ்ச கையோட கீபோர்டைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னுட்டீங்க."

"அப்போ வாசிக்கவே தெரியாதா?" என்றார் கடைக்காரர்.

"ஃபோன்ல வீடியோ பார்த்துத் தலையணையில தட்டித் தட்டிக் கத்துக்கிட்டேன். அந்தத் தலையணையை வீட்டம்மா தூக்கிப் போட்டாச்சு."

நர்ஸம்மா இடுப்பில் கை வைத்தார். "ஏன் அண்ணே, இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"யார்கிட்ட? டீச்சர்கிட்டயா?"

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷச் சனிக்கிழமைகள்! ஒரு மரியாதைக்காக. நான் மகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு அவரைச் சகித்ததாக நினைத்திருந்தேன். அவர் தன் மருமகளுக்காக என்னைச் சகித்திருக்கிறார்.

"மன்னிச்சிடுங்க அண்ணா" என்றேன். "அன்னிக்கு கண்ணு..."

"அதுதான் நிஜமாவே மங்கிப் போச்சே" என்றார். "சரி, லீடர் சொன்னா கேட்கணும். ஆரம்பிங்க. நான் உள்ள போய் மேட்ச் பார்க்கிறேன்."

மார்ச் 29, ஞாயிறு

மகள்: "மாமா ராத்திரி ரெண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்படி என்னம்மா சொன்ன?"

ஏப்ரல் 11, சனி

நிகழ்ச்சி முடிந்தது. புதுக் கண்ணாடியில் எல்லார் முகமும் தெளிவாகத் தெரிந்தது: சக்கர நாற்காலிகளில் சிலர், கையில் கட்டோடு ஒருவர், வாசலில் சீருடையோடு நின்ற பெண்கள். எங்களைக் காரில் கூட்டிப்போனதும் கீபோர்டைத் தூக்கிவந்ததும் சம்பந்திதான். லீடர் பதவியை மட்டும் அவர் விடவில்லை. முதல் வரிசையில் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

திரை விலகியதும் பழைய தொல்லை. நாலு தட்டு இல்லை. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். அரங்கம் காத்திருக்கிறது.

சம்பந்தி கையை லேசாக உயர்த்தினார். ஒரு விரல், இரண்டு, மூன்று, நான்கு.

தொடங்கிவிட்டோம்.

மூன்றாவது பாட்டு தாலாட்டு மாதிரி மெல்லப் போவது. பாதியில் நிமிர்ந்து பார்த்தேன். தலை பின்னால் சாய, வாய் லேசாகத் திறந்திருக்க, சம்பந்தி நல்ல உறக்கத்தில். மகள் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நர்ஸம்மாவும் கவனித்துவிட்டார். முறைப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அவர் குரலைக் கொஞ்சம் தணித்துப் பாடினார்.