மாத்திரையை நிறுத்தின மகளுக்கு

அன்பு மகள் சுவேதாவுக்கு அம்மா எழுதுவது. மலையில் நானும் அப்பாவும் ஆடுகளும் நல்ல சுகம், திருப்பூரில் நீயும் உன் தையல் மிஷினும் சுகமாக இருக்கவேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்பாய். போனில் எனக்குப் பேச்சுப் பாதியில் வார்த்தை தொலைந்துவிடுகிறது, தேடி எடுப்பதற்குள் நீ வைத்துவிடுகிறாய்.

சாமை அறுத்தாயிற்று, புளி நல்ல காய்ப்பு. நேற்று குழம்பில் ரெண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன், உங்கப்பா சாப்பிட்டு முடித்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். போன வாரம் கடையில் சர்க்கரை என்ற பேரே வரவில்லை. வெள்ளையா, பொடியா, தண்ணில கரையுமே என்று கையை ஆட்டினேன், கடைக்கார முனிசாமி இன்னாக்கா விடுகதை போடறே என்று சொல்லி சோப்புத் தூளை எடுத்து வைத்தான்.

சிரித்தது போதும். நீ வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டாயாமே. உங்கப்பா சொல்லிவிட்டார், அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று நீ சொன்னதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். ரெண்டு வருஷமாக வலிப்பே வரவில்லை, மாத்திரை போட்டால் மிஷினில் தூக்கம் வருகிறது என்றாயாம். அடி கெட்டிக்காரி, வராமல் இருந்ததே மாத்திரையால்தானே. உன் வயதில் எனக்கும் இதே வலிப்பு, அப்போது மாத்திரை ஏது, இரும்பைக் கையில் கொடுத்தால் நின்றுவிடும் என்று சாவி, அரிவாள் எது கிடைத்தாலும் திணிப்பார்கள். ஒரு தரம் அம்மாக்கண்ணு அத்தை தோசைக்கல்லோடு ஓடிவந்தாளாம், நல்லவேளை சூடு ஆறியிருந்தது. வலிப்பு அதுபாட்டுக்கு வருஷக்கணக்கில் வந்தது. அப்படி அடக்காமல் விட்டதுதான் என் ஞாபகத்தை அரித்துவிட்டது என்று ஆலங்காயத்து டாக்டர் பிறகு சொன்னார். மாத்திரை அசதி தருகிறது என்று சொன்னால் மாற்றித் தருவார்களாம், நாமாக நிறுத்தினால் வலிப்பு திரும்பி வந்துவிடுமாம்.

திட்டத்தான் உட்கார்ந்தேன், அழுகை வருகிறது. உன் காதுகுத்து போட்டோவில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேனே, அந்த நாள் எனக்கு ஞாபகமே இல்லை சுவேதா. அந்த வாரம் எனக்கு வலிப்பு விடாமல் வந்ததாம். நீ எப்படி அழுதாய், எப்படிச் சமாதானம் ஆனாய் என்று உங்கப்பாவைக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். அவர் சொல்லும்போது யார் வீட்டுப் பிள்ளை கதையையோ கேட்கிற மாதிரி இருக்கிறது.

நாளைக்கே லீவு சொல்லி டாக்டரைப் பார், நிறுத்தினதை மறைக்காதே, அவர் சொல்கிறபடி ஆரம்பி. அதுவரை தனியாக எங்கும் போகாதே. படவேட்டு அம்மன் உன்னை நல்லபடி வைப்பாள். உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும், அதன் காதுகுத்து அன்றைக்கு என்னைப்போல போட்டோவில் மட்டும் இல்லாமல் நீ அங்கே இருக்கவேண்டும்.

உன் அம்மா,
தமிழரசி