புது இன்ஜினும் மாறாத சத்தமும்

நைனா,

சிபியுவின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் குங்கும வாசனைதான் முதலில் வந்தது. உள்ளே தூசி, ஒட்டடை, அதன் மேல் சிவப்பாக ஒரு படலம். அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்வரும்போதெல்லாம் பஸ் கண்ணாடிக்கு வைக்கிற மாதிரி இதற்கும் பொட்டு வைப்பாயே, அது ஃபேன் வழியாக உள்ளே போய் அப்பியிருக்கிறது. நீ இருந்திருந்தால் கத்தியிருப்பேன். உன்னிடம் கத்தியதைத் தவிர நான் உருப்படியாக என்ன செய்தேன்?

எதற்குத் திறந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய் ஏழு மாதம் ஆகிறது. கடைக்கு வந்த ஒருவர் பழைய கிராபிக்ஸ் கார்டு கேட்டார். வீட்டில் சும்மா கிடப்பதைப் பிடுங்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் போன ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தேன். அவ்வளவு நல்ல பிள்ளை உன் பிள்ளை.

அந்தக் கம்ப்யூட்டர் கல்லூரியில் படித்தபோது கேம் ஆடுவதற்கு நான் பாகம் பாகமாக மலிவாக வாங்கிச் சேர்த்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சர்வீஸ் கடை போட்ட பிறகு நான் அதைத் தொடவில்லை. கண்ணில் புரை என்று பஸ் டிப்போவில் உன்னிடமிருந்து ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து பதிவேடு எழுத வைத்தார்கள். புரையை எடுத்த பிறகும் வண்டி தரவில்லை. ஓய்வு பெற்று வந்து யாரோடும் பேசாமல் கிடந்தாய். ஒரு நாள் பஸ் ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டு, மேசையில் இறுக்கும் ஸ்டியரிங்கும் கால் பெடலும் வாங்கிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து காலையில் குளித்து, விபூதி பூசி, டியூட்டிக்குப் போகிறவனாக வந்து உட்கார்ந்தாய். ஆன் செய்ததும் எடுக்க மாட்டாய். "இன்ஜின் சூடாவட்டும்" என்று டீயைக் குடித்து முடிப்பாய். அம்மா அடுப்படியிலிருந்து, "திண்டிவனம் வந்தா சொல்லு, எறங்கிக்கறேன்" என்பாள். நம் வீட்டில் நாம் சிரித்த நாட்கள் அவை.

ஆனால் வண்டி இழுக்கவில்லை. கேமில் ஊருக்குள் நுழைந்தாலே படம் நின்று நின்று நகர்ந்தது. ராம் மெமரியைக் கூட்டிப் போட்டேன், கொஞ்சம் தேவலை. கடைசியில், படத்தைத் தடங்கலில்லாமல் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு ஒன்றை செகண்ட் ஹேண்டில் கொண்டுவந்தேன். "புது இன்ஜின் எறக்கறோம்டா" என்று நீ எலுமிச்சம்பழம் எடுத்து வந்தாய். சக்கரத்துக்கு எங்கே போவது? பெடலுக்குக் கீழே வைத்து ஒரே மிதி. பெடலெல்லாம் சாறு. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கார்டை மாட்டும்போது என் காதில் போன், ஏதோ கஸ்டமர் பேசிக்கொண்டிருந்தார். மேசை சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதை இழுக்கச் சோம்பல்பட்டு, பின்னால் கையை விட்டுத் தடவி மானிட்டர் கேபிளைச் செருகிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்ததும் சொன்னாய்: "இழுக்கலடா. அப்பிடியேதான் நிக்குது."

"அதெல்லாம் இருக்காது."

"புது இன்ஜின் போட்டா சத்தம் மாறணும்டா. சத்தமே மாறல. நீ போட்ட கார்டு ஃபேனு சும்மா நிக்குது, ஓட்ட வழியா பாரு."

மூன்று நாள் இதையே சொன்னாய். நாலாவது நாள் எனக்கு எரிச்சல் வந்தது. "கார்டு நல்லாத்தான் இருக்குது நைனா. ஒனக்குத்தான் கண்ணு தெரியல" என்றேன்.

நீ ஓரமாக வண்டியை நிறுத்தினாய், ஹேண்ட் பிரேக் போட்டாய், ஆஃப் செய்தாய். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. கேட்டால், "சலிச்சுப் போச்சிடா" என்றாய். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, நம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மேசையை இழுத்துப் பின்பக்கம் பார்த்தேன். கேபிள் புதுக் கார்டில் இல்லை. அதற்கு மேலே, பழைய துளையிலேயே இருந்தது. இரண்டும் ஒரே மாதிரித் துளைகள். மேலே செருகினால் கார்டு விருந்தாளி மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்கும், ஒரு வேலையும் செய்யாது. இதே தவறோடு வருகிறவர்களைக் கடையில் நாலு பேர் முன்னால் கேலி பண்ணி அனுப்புகிறவன் நான். பார்க்காமல் தடவிச் செருகியவன் நான். கண் தெரியாதவன் என்று பெயர் வாங்கியவன் நீ. டிப்போவில் ஒரு முறை, வீட்டில் ஒரு முறை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"நீ சொன்ன மறுநாளே கண்ணு டாக்டராண்ட போனாரு. நல்லா தெரியுது, ஒரு கொறையும் இல்லன்னுட்டாரு டாக்டரு. 'பையன் எங்கியோ தப்பா மாட்டியிருக்கிறான். சொல்லாத, ஊருக்கெல்லாம் ரிப்பேர் பாக்கறவன், மனசு நோவும்'னாரு உங்க நைனா."

ஏன் நைனா? கண்டக்டர் தப்பாக விசில் அடித்தால் நடு ரோட்டில் வண்டியை நிறுத்தித் திட்டுகிறவன் நீ. என்னை மட்டும் ஏன் விட்டாய்? ஓர் அறை விட்டு, "திருப்பிப் பாருடா" என்றிருந்தால் கடைசி எட்டு மாதமும் ஓட்டியிருப்பாயே. அந்த எட்டு மாதமும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், என் மனசு நோகக் கூடாதென்று. உன் மேல் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. என் மேல் வருவது ஆத்திரம் இல்லை, அருவருப்பு.

கார்டைக் கொடுக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்து, கேபிளைக் கீழே மாற்றிச் செருகினேன். கேமைத் திறந்ததும் புது ஃபேன் சுற்றத் தொடங்கியது. சத்தம் மாறியது. நீ சொன்ன மாதிரியே, நன்றாக மாறியது. அடுப்படியிலிருந்து அம்மா, "யாருடா வண்டி எடுக்கறது?" என்றாள். எனக்கு உடனே ஆஃப் செய்யத் தோன்றியது, கை வரவில்லை.

இப்போதெல்லாம் கடையில் யார் வந்து "ஸ்லோவா இருக்குது" என்றாலும் வாதாடுவதில்லை. முதலில் பின்பக்கம் பார்க்கிறேன், பிறகு காதை வைத்துக் கேட்கிறேன். நேற்று ஒரு பெரியவர், "எனக்குத்தான் சரியா தெரியலியோ இன்னாவோ தம்பி" என்றார். "ஒங்க கண்ணுல ஒரு கொறையும் இல்லீங்க" என்றேன்.

யாரோ ஒருவருக்குச் சொல்லிவிட்டேன், நைனா. உனக்குச் சொல்லவில்லை.