இரண்டாம் பாதியைக் குறைக்கவில்லை, கௌரி

அன்புக் கௌரி,

நாத்தனாருக்கு அண்ணி எழுதும் கடிதத்தில் வழக்கமாகப் புகார்தான் இருக்கும். இதிலும் இருக்கிறது. ஒரு மஞ்சள் காமாலைக்கு இவ்வளவு சுலபமாக நீ தோற்றிருக்க வேண்டாம்.

உனக்குக் கால்பந்து ஆட ஓர் அணி கிடைக்காததால் ரெஃபரி ஆனவள் நீ. அண்ணன்மார் ஆட்டத்துக்கு வெளியே நின்று ரெஃபரியோடு சண்டை போடுவாய். இவ்வளவு தெரிந்தால் நீயே ஊது என்று ஒருவர் கேலி செய்தார். நீ அதை யோசனையாக எடுத்துக்கொண்டு தேர்வெழுதினாய்.

கல்யாணமாகாத பெண் இருபத்திரண்டு ஆண்களுக்கு நடுவே ஓடுகிறாள். ஓரமாக ஓர் அண்ணி உட்கார்ந்திருந்தால் குடும்ப மானம் தப்பிவிடும். இது மைசூர் ரயில்வே குடியிருப்பின் நம்பிக்கை. அதனால் அத்தை என்னைத் துணைக்கு அனுப்பினார். ஒருநாள் லைன்ஸ்மேன் வரவில்லை. என் கையில் கொடியைக் கொடுத்தாய்.

"புடவையிலயா?" என்றேன்.

"பந்துக்குப் புடவை தெரியாது அண்ணி. கோட்டைத் தாண்டினா தூக்குங்க, அவ்ளோதான்."

அதன்பின் என்னையும் தேர்வெழுத வைத்தாய். வீடு வீடாகப் போய், அப்பாக்களிடம் காப்பி வாங்கிக் குடித்து, அவர்கள் பெண்களை ஓர் அணியாக்கினாய். ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால் பெண்களுக்கும் மைதானத்தில் நேரம் வாங்கினாய். ஒவ்வொரு முறையும் இரண்டாம் பாதியைக் குறைக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் மறுப்பாய்.

நீ போனபின் நடந்த முதல் ஆட்டம் போன ஞாயிறு. நான்தான் ரெஃபரி. முதலில் உனக்கு அஞ்சலி. நீ பேசும்போது ஒரு நிமிடம்கூட வாயை மூடாதவர்கள் உனக்காக ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். இருபத்தோராம் நூற்றாண்டு வரப்போகிறது, பெண்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று கிளப் செயலாளர் விரிவாகச் சொன்னார். பெண்கள் வெயிலில் நின்று அதைக் கேட்டார்கள்.

இடைவேளையில் அவரே என்னிடம் வந்தார். பேச்சு நீண்டுவிட்டதாம். ஆண்கள் தயாராக நிற்கிறார்களாம்.

"செகண்ட் ஹாஃப் பாதி போதும் மேடம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் விட்டுக்குடுங்க. கௌரி மேடம் நினைவா நடக்குற மேட்ச், கலாட்டா வேண்டாம்."

உன் நினைவாக, நீ ஒருநாளும் சம்மதிக்காததைக் கேட்டார். ரெஃபரி அழலாமா என்று விதிகளில் எதுவும் இல்லை, தேடிப் பார்த்திருக்கிறேன்.

"டைம் என் கையில இருக்கு சார். முழுசா ஆடுவாங்க," என்றேன்.

அப்படியென்றால் அடுத்த மாதம் மைதானத்தை மறந்துவிடுங்கள் என்றார். மறக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

முழுதாக ஆடினார்கள். உடம்பைச் சூடேற்றிக்கொண்ட ஆண்கள் கோட்டோரம் நின்று ஆறிப்போனார்கள். வெளியூர் அணியிடம் நம் பெண்கள் தோற்றார்கள். கடைசியில் நம் கேப்டன் லதா எதிரணியின் கோல் பெட்டிக்குள் விழுந்தாள். நான் பெனால்ட்டி தரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கை குலுக்க வந்தவள், "கௌரியக்கா இருந்திருந்தா குடுத்திருப்பாங்க," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு என் கையை விடவில்லை.

கொடுத்திருப்பாயா கௌரி? அவள் தானாக விழுந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. நான் நின்ற இடம் சரியில்லையோ? வீடு வரும்வரை நாம் இதைத்தானே பேசுவோம். நீ நடுத்தெருவில் நின்று விழுந்துகாட்டுவாய், சைக்கிள்காரர்கள் மணியடித்துத் திட்டுவார்கள். அன்று நான் யாரோடும் பேசாமல் வந்தேன். வாசலில் அத்தை யார் ஜெயித்தார்கள் என்று கேட்டார். இத்தனை வருடத்தில் முதல்முறை. பதில் சொல்லுமுன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த மாதத்துக்கு நஞ்சன்கூட்டில் ஒரு மைதானம் கேட்டிருக்கிறேன். அதுவும் இல்லையென்றால் வேறெங்காவது கேட்பேன். லதாவின் அப்பாவிடமும் மற்ற அப்பாக்களிடமும் இனி காப்பி குடிக்க நான் போகிறேன். எந்த ஊர் மண்ணானாலும் நம் பெண்கள் கடைசி நிமிடம்வரை ஆடுவார்கள். தப்பாக ஊதினால் திருத்த நீ இல்லை என்பதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஊதுவேன்.

உனக்குத் துணையாக வந்து, தனியாக நிற்கும்
உன் அண்ணி