ஈரத்தோடு மடித்த கூடாரம்

மூடியைத் தூக்கியதும் முதலில் வந்தது மணம்தான். மாண்டரின் தோடை இலையும் டீசலும் மணக்கும் சியாகுல்லித் தோட்டத்துக் கொட்டிலில், கூடாரம் மடித்து வைத்த எங்கள் பெட்டிக்குள்ளிருந்து ஊறிய சாக்கு மணம் கிளம்பிக் கண்ணைக் கரித்தது. உன் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை. கூடாரத் துணியில் கையை வைத்தேன். பூஞ்சணம் கறுப்பாய் ஒட்டிக்கொண்டு வந்தது. அடி அறுவாளே, இதைப் பார்க்க நீ இல்லாமல் போனாயே என்று வாய்விட்டே சொன்னேன்.

உன் மகள் வெள்ளிக்கிழமை வடக்கே ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போவதாய் இருந்தது. இனி இந்த ஊருக்குத் திரும்பமாட்டாள், எனக்குத் தெரியும். போகுமுன் என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அன்ரி, அம்மாவின்ரை கூடாரத்திலை ஒருநாள் படுத்திட்டுப் போகோணும். ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையிலை, அதே இடத்திலை.” அதற்கென்ன, துடைத்துத் தருகிறேன் என்று வீறாப்பாய்ச் சொல்லிவிட்டேன். துடைப்பதுதானே நம் இருவரின் தொழிலும்.

நான் வேலை செய்யும் வீட்டு வெள்ளைக்காரச் சிஞ்ஞோரா, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று எறியப் பார்த்த சாமான் அது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் பெட்டி. மூடியை மறுபக்கம் புரட்டினால் துணி எழும்பி ஒரு சின்ன வீடாகிவிடும். நான் கொண்டுவந்து காட்டியபோது நம் சனம் சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறதா? கோவிலடியில் வைத்து ஒருத்தி உன்னிடம் நேரே கேட்டாள்: “வன்னியிலையிருந்து வந்து முகாமிலை கிடந்தது காணாதெண்டோ இஞ்சையும் கூடாரம்?” நீ கொஞ்சமும் கோபிக்கவில்லை. “அது எங்களை அடைச்சு வைச்சது. இது நான் நினைச்சா விரிப்பன், நினைச்சா மடிப்பன்” என்றாய்.

கபோச் சந்தையடியில் நீ பார்த்துக்கொண்ட கிழவியின் கட்டிலருகே உனக்கொரு மடக்குக் கட்டில். அவ இருமினால் நீ எழும்பவேண்டும். பூட்டுவதற்கு உனக்கென்று ஒரு கதவு இந்த ஊரில் இருந்ததில்லை. பெட்டிக்கோ இழுத்துப் பூட்டும் சிப் வைத்த துணிக் கதவு. முதல்நாள் அதை உள்ளேயிருந்து இழுத்துப் பூட்டிவிட்டு, “எடியே, இப்ப தட்டிப்போட்டு வா” என்றாயே. துணியில் எப்படியடி தட்டுவது?

அந்தச் சிப்பைக் கடலுப்பு பிடித்து இறுக்கிவிடும். நான் மாதா கோவிலிலிருந்து எரிந்து முடிந்த மெழுகுதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்கிவருவேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற நீ, மாதாவின் மெழுகுதிரியைப் பல்லுப் பல்லாய்ச் சிப்பில் தேய்ப்பாய். “மன்னார்க்காரி, உன்ரை மாதாதான் எனக்குக் கதவு திறக்கிறா” என்பாய். மூடியின் பிணைச்சலுக்குக் கிறீஸ் பூசச் சொன்னால் நீ கேட்டாயா? தேங்காய் எண்ணெய் பூசினாய். தோட்டத்து எறும்பெல்லாம் மெத்தைக்குள் குடிவந்தது. முதுகைச் சொறிந்துகொண்டு ஒருநாள் முழுக்கச் சிரித்தோம். அப்படி நான் அதற்குப் பிறகு சிரித்ததில்லை.

ஆனால் ஒன்றில் மட்டும் நீ விளையாட்டுக்கும் விடமாட்டாய். துணி ஈரமாய் இருந்தால் மடிக்கக் கூடாது. ஊரே வெளிக்கிட்டுப் போன பிறகும், நீ கவிழ்த்து வைத்த வாளியில் குந்தியிருந்து கூரையின் தையலைத் தடவிக்கொண்டிருப்பாய். அலுத்துப்போய் ஒருநாள் நான் கத்தினேன். அப்போதுதான் சொன்னாய், முகாமில் மழைக்குத் தறப்பாள் ஊறிப் பூஞ்சணம் பிடித்ததை, அதன் கீழே கிடந்து, அப்போது சின்னக் குழந்தையாயிருந்த உன் மகள் இருமி இருமி நீலமாய்ப் போனதை. “அந்த மணம் இனி அவளின்ரை மூக்கிலை படக் கூடாதடி.” பிறகு நான் கத்தவில்லை. நானும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டேன்.

கடைசியாய்ப் போனது ஐப்பசியில். உன் மகளுக்குக் கடை வேலை, நாமிருவரும்தான். விடிய மழை. கொஞ்சம் வெளித்ததும் நான் வழமைபோல வாளியைத் தேடினேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

“காஞ்சது காணும். மடி.”

“என்னடி கதைக்கிறாய்? தண்ணி சொட்டுது.”

“பரவாயில்லை. மடி.”

கிழவி தேடுவாவென்று அவசரப்படுகிறாயாக்கும் என்று நினைத்தேன். பிந்திப் பழுக்கிற மாண்டரினைப் பிடுங்கத் தொடங்குமுன் அந்த வயிற்று நோயோடேயே நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். பெட்டியைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

பெட்டியைத் திறந்த பிறகு மூன்று நாளும் நான் செய்யாத வேலையில்லை. வெயிலில் இழுத்து விரித்து, காய்ந்ததைத் தட்டி, வினாகிரியும் தண்ணீரும் கலந்து மெல்லிய தூரிகையால் தேய்த்தேன். சவுக்காரத்தூள் போடவில்லை, நீ திட்டுவாய். கறுப்பு கொஞ்சம் வெளுத்தது. மகிழ்ந்துபோய் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். தூரிகை துணிக்குள்ளால் மறுபக்கம் போயிற்று. கையால் பிடித்த இடமெல்லாம் ஊறிய கடதாசிபோலக் கிழிந்தது. தைக்கவும் ஏலாது. ஊசி குத்த நல்ல துணி வேண்டுமே.

உன் மகள் வந்து பார்த்தாள். அழவில்லை. கிழிந்ததை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, “அன்ரி, இந்த மணம் எனக்குத் தெரியும். எங்கையெண்டுதான் நினைவில்லை” என்றாள். எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. பிறகு கேட்டாள்: “அம்மா ஈரத்தோடை மடிக்க விடமாட்டாவே. ஏன் மடிச்சவ?”

“மழை விடேல்லை, ராசாத்தி. கொம்மா பாவம், காயும் காயுமெண்டு வாளியிலை இருந்து பாத்தவ.”

நம்பிவிட்டாள். நேற்று ஸ்டேஷனில் ஏற்றிவிட்டேன். துணியைக் குப்பைக்குப் போட்டாயிற்று. தகரப் பெட்டியைத் தோட்டக்காரன் உரம் ஏற்ற எடுத்துக்கொண்டான். சிப்பை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். மாதாவின் மெழுகு இன்னும் இருக்கிறது. ஓர் இழுப்பில் திறக்கிறது, ஓர் இழுப்பில் பூட்டுகிறது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுமில்லாமல்.

இனி விரிக்கமாட்டாய் என்று உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அதைத்தான் மடி என்று சொன்னாய். உன் மகளுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். அவளுடைய அம்மா வாளியிலேயே இருக்கட்டும், துணி காயும் என்று நம்பிக்கொண்டு.